மகனிடம் ஒரு மரபணு இல்லை என்கிறது ரிப்போர்ட்: தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா?

மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது. பிறந்து மூன்றாம் நாள் வயிறு உப்பி, மலம் போகாமல், பெருங்குடலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வால்வு சுருங்கியிருக்கிறது. இன்னும் நிற்கவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. போன மாதம் மைக்ரோஅரே என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. இரண்டாம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை, அந்தத் துண்டில் இருந்தது ஸெப்2 என்ற ஒரே மரபணு, இதற்கு மொவாட்-வில்சன் சிண்ட்ரோம் என்று பெயர் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி, பெற்றோர் நெருங்கிய உறவாக இருக்கலாம் என்று. ஆமாம், கணவர் அவருடைய சொந்தத் தாய்மாமன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாயின் அப்பா வழிச் சொந்தங்கள் "அன்றைக்கே வேண்டாம் என்றோம்" என்கிறார்களாம், பாட்டியோ கிரகணத்தன்று வெளியே போனதைச் சொல்கிறாராம். இது சொந்தத்தில் கட்டியதால் வந்ததா, அடுத்த பிள்ளைக்கும் வருமா, இவன் பேசுவானா என்று மூன்று கேள்விகள். கடைசியில் போகிற போக்கில் நான்காவதாக ஒன்றையும் கேட்டிருக்கிறார், அதற்கு அப்புறம் வருகிறேன்.

தங்கச்சி, நீங்கள் கேட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் எனக்குக் கேட்கிறது ஒரே கேள்விதான்: இதில் என் தப்பு என்ன? அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் இல்லை. உங்கள் கணவருடைய தப்பும் இல்லை, உங்கள் கல்யாணத்தின் தப்பும் இல்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் என் உறுதி குறைகிறது என்பதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் குழந்தை மருத்துவர், முதலில் பினாங்கிலும் அப்புறம் கோலாலம்பூரிலும் வேலை பார்த்தேன், அதில் பதினோரு வருடம் மரபணு கிளினிக்கில். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, ரிப்போர்ட்டையும் நீங்கள் தட்டச்சு செய்த அளவுக்குத்தான் தெரியும். ஆகவே இங்கே எழுதுவது உங்கள் டாக்டரிடம் போய்ப் பேசுவதற்கான தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் துண்டு. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. ஏறக்குறைய 20,000 மரபணுக்கள், பெரும்பாலானவை இரண்டு பிரதிகளாக. ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டால், உங்கள் மகனிடம் இல்லாமல் போனது நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி 2 லட்சத்து 10 ஆயிரம் எழுத்துகள். சாதாரண நுண்ணோக்கியில் குரோமோசோமைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, அதனால்தான் பிறந்தபோது எடுத்த குரோமோசோம் டெஸ்ட் "நார்மல்" என்று வந்திருக்கிறது. அந்த முடிவு தவறில்லை, அந்தச் சோதனையின் கண்ணுக்கு எட்டாத அளவு அது. ஒரு பிரதி போனாலும் இன்னொன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். நிறைய மரபணுக்களுக்குப் போதும். உங்களிடமும் என்னிடமும்கூட அப்படி விட்டுப்போன சின்னத் துண்டுகள் இருக்கின்றன, எந்தத் தொந்தரவும் இல்லாமல். ஆனால் சில மரபணுக்களுக்குப் பாதி அளவு போதாது. ஸெப்2 அந்த வகை. அது நேரடியாக எதையும் கட்டுவதில்லை, மற்ற மரபணுக்களை எப்போது வேலைக்கு இறக்குவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற மரபணு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை, ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற கங்காணியை வைத்துச் சொன்னால் புரியும். கரு உருவாகி நான்காவது வாரம் வாக்கில், பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற குழாயின் ஓரத்திலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்பும். அவற்றில் ஒரு பிரிவு முகத்துக்குப் போகும், ஒரு பிரிவு இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்களுக்கு, இன்னொன்று குடல் நெடுகிலும் மேலிருந்து கீழாக நடந்து அங்கே நரம்புகளாகக் குடியேறும். ஏழாவது வாரம் வாக்கில் அந்தக் கூட்டம் குடலின் கடைசிவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். யார் எந்த நிரைக்குப் போவது என்று சொல்கிற கங்காணிகளில் ஒருவர் ஸெப்2. அவருடைய குரல் பாதியாகக் குறைந்தால் சில பிரிவுகள் கடைசிவரை போய்ச் சேர்வதில்லை. குடலின் அடிப்பகுதியில் நரம்பு இல்லாவிட்டால் அது தளர்ந்து வழிவிடாது, மலம் மேலேயே தேங்கும். அதுதான் உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் நடந்தது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று அதற்குப் பெயர், ஏறக்குறைய 5,000 பிறப்புகளில் ஒன்றில் வரும், இந்த சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலோ பாதிப் பேருக்குக் கிட்ட வரும். குடலும் இதய வால்வும் வெவ்வேறு வியாதிகள், ஒரே பிள்ளைக்கு ஏன் இத்தனை சோதனை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே கங்காணியின் ஆட்கள்.

இந்த சிண்ட்ரோம் மருத்துவத்துக்கே புதிது. ஆஸ்திரேலியாவில் மொவாட், வில்சன் என்ற மருத்துவர்களும் அவர்கள் குழுவும் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டது 1998-ல், அதற்குக் காரணமான மரபணு எதுவென்று தெரிந்தது 2001-ல். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயரே கிடைக்கவில்லை, "வளர்ச்சி குறைவு" என்று மட்டும் எழுதி அனுப்பியிருப்பார்கள். இன்றைக்கும் 50,000 முதல் 70,000 பிறப்புகளில் ஒன்று என்றுதான் மதிப்பிடுகிறார்கள், உங்கள் கிளினிக் டாக்டர் இதற்குமுன் ஒருவரைக்கூடப் பார்த்திருக்காமல் இருக்கலாம், அதற்காக அவர்மேல் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒரே ஒரு மரபணுவால் இவ்வளவு ஆகுமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, நாங்களும் கேட்டதுதான். பதினேழாம் குரோமோசோமில் பல மரபணுக்களை ஒன்றாக அள்ளிக்கொண்டு போகிற ஒரு இழப்பு 2006-ல் தெரியவந்தது. அத்தனை மரபணுக்களும் சேர்ந்துதான் அந்தப் பாதிப்பைக் கொடுக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2012-ல் அதே முகச்சாயல், அதே தாமதம் உள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது கான்ஸ்எல்1 என்ற ஒரு மரபணு மட்டும் பழுதாகியிருந்தது, மற்றவை அப்படியே இருந்தன. ஸெப்2 விஷயமும் அப்படித்தான். மொவாட்-வில்சன் உள்ள பெரும்பாலான பிள்ளைகளிடம் துண்டு எதுவும் காணாமல் போகவில்லை, அந்த மரபணுவுக்குள்ளேயே எழுத்துப்பிழை. உங்கள் மகனைப்போல மரபணுவே இல்லாமல் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு தரப்புக்கும் வருகிற பாதிப்பு ஏறக்குறைய ஒன்றே.

சரி, சொந்தத்தில் கட்டிய கதைக்கு வருவோம். சொந்தத்தில் கட்டுவதால் வரும் ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விஷயம் விளங்கிவிடும். ஒரு மரபணு ஒரு பிரதியில் பழுதாகி இன்னொன்று நன்றாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாத நோய்கள் நிறைய உண்டு, தாலசீமியா என்ற ரத்த நோய் மாதிரி. அப்படிப் பழுதைத் தாங்கி நிற்கிற இருவர் கட்டிக்கொண்டால், இரண்டு பிரதியும் பழுதான பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் கால் பங்கைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். சொந்தத்தின் ஆபத்து இந்த வழியில்தான். உங்கள் மகனிடம் நடந்தது வேறு. அவனிடம் ஒரு பிரதி நன்றாகவே இருக்கிறது, இன்னொன்று ஒரு கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது எழுத்துகளைப் படியெடுக்கிற வேலையில் விடுபட்டுப் போனது. நீங்கள் பாலிக் புலாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இது இப்படியே நடந்திருக்கலாம். உலகம் முழுக்க இந்த சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாதவர்கள். கிரகணம், பப்பாளி, நீங்கள் ஆறாம் மாதம்வரை தொழிற்சாலையில் வேலைக்குப் போனது, இவை எதுவும் உள்ளே வர இடமே இல்லை. அந்த இழப்பு கரு உண்டாகும் முன்பே நடந்து முடிந்தது, குடல் நரம்புகளின் விஷயம் முடிவான வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரிந்திருக்காது.

அப்படியானால் அந்த இரண்டாவது வரி ஏன்? மைக்ரோஅரேயில் சில வகைகள், அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கும் நீளமான பகுதிகளையும் காட்டிவிடும். தாய்மாமனைக் கட்டியவர்களின் பிள்ளைக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், அப்படி இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 11 சதவீதம். நீங்கள் ஏற்கனவே சொன்ன உறவை இயந்திரமும் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நோய்க்கான காரணம் முதல் வரியில் இருக்கிறது. இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்து, விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு குடும்பத்தின் கையில் கொடுப்பது கொடுமை. ஒருமுறை ஒரு மருத்துவமனையில் இதே மாதிரி ஒரு தாளை நர்ஸ் கவுண்டரில் வாங்கிக்கொண்டு போன தம்பதியர், ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது தனித்தனி வீட்டில் இருந்தார்கள். அதிலிருந்து நான் அந்த வரியை எப்போதும் வாய்விட்டுப் படித்து, இது காரணம் இல்லை என்று இருவரையும் வைத்துக்கொண்டே சொல்வது வழக்கம். உங்கள் கல்யாணத்தைக் கள்ளத்தனம் மாதிரி பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: நம் மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே, இந்து வழக்கப்படி அக்காள் தங்கையின் மகளைக் கட்டுவதைத் தடை செய்யாமல் தனியாக விலக்கு கொடுத்து வைத்திருக்கிறது.

ஆனால் இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். இந்த நோய்க்கு உங்கள் உறவு காரணம் இல்லை என்பது உறுதி. அதற்காக அடுத்த பிள்ளைக்கு உறவால் எந்த ஆபத்தும் இல்லை என்று நான் சொன்னதாக ஆகாது. உறவில்லாத தம்பதியருக்கே நூறு பிறப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையைக் கட்டியவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், தாய்மாமன் என்றால் அதைவிடக் கூடும். இது உங்கள் மகனோடு சம்பந்தமில்லாத தனிக் கணக்கு. நீங்கள் இருவரும் ஒரே பழுதைத் தாங்குகிறீர்களா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் உண்டு, அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும் முன் அதைப்பற்றி மரபியல் நிபுணரிடம் கேளுங்கள். இன்னொன்று, மரபணுச் சோதனையில் விடை கிடைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு ஒன்றுக்கு இரண்டு நோய்கள் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் மகனிடம் மொவாட்-வில்சனோடு ஒட்டாத ஏதாவது வந்தால், உதாரணமாகத் தெரிந்த திறமைகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போனால், "இதெல்லாம் அதே சிண்ட்ரோம்தான்" என்று விட்டுவிடாமல், மரபணுக்களின் எழுத்துகளையே படித்துப் பார்க்கும் எக்ஸோம் சோதனை பற்றிக் கேளுங்கள். இப்போது நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் ஸெப்2-வோடு பொருந்துகிறது, இரண்டாவது காரணம் தேட வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை.

இதே நோய் அடுத்த பிள்ளைக்கும் வருமா என்பதற்கு, முதலில் உங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அது நடந்ததாகத் தெரியவில்லை, தயவுசெய்து அதைக் கேட்டு வாங்குங்கள். அபூர்வமாகப் பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், மொத்த அளவு குறையாததால் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது துண்டு தவறிவிடும். மைக்ரோஅரே அளவைப் பார்க்கும், இடமாற்றத்தைப் பார்க்காது, ஆகவே பெற்றோருக்கு வேறு முறையில் பார்ப்பார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தால், மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று சொல்வோம். பூஜ்யம் என்று ஏன் சொல்வதில்லை என்றால், சிலரின் கருமுட்டைகளில் அல்லது விந்தணுக்களில் மட்டும் ஒரு பகுதிக்கு அந்தக் குறை இருக்கும், ரத்தத்தில் தெரியாது. அப்படி இரண்டு பிள்ளைகளுக்கு வந்த குடும்பங்கள் உலகில் ஒருசில உண்டு. நீங்கள் மறுபடி கருவுற்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்தோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரிலிருந்தோ எடுத்துப் பார்க்க முடியும். பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பார்த்தபின் என்ன செய்வது என்பது நீங்களும் கணவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், அதில் என் கருத்துக்கு இடமில்லை.

பேசுவானா? இதற்கு இனிப்பாக எழுத எனக்கும் ஆசைதான். இந்த சிண்ட்ரோமில் அறிவு வளர்ச்சிக் குறைவு எல்லோருக்கும் இருக்கிறது, பெரும்பாலும் நடுத்தரம் முதல் கடுமைவரை. பலருக்குப் பேச்சு வருவதே இல்லை, வந்தாலும் சில வார்த்தைகள், வாக்கியமாகப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் புரிந்துகொள்வது பேச்சைவிட நன்றாக இருக்கும், இது திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆகவே வாய் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கை சைகையும் படங்களும் ஆரம்பியுங்கள். தண்ணீர், இன்னும் வேண்டும், போதும், இந்த மூன்றில் தொடங்கினால் போதும். சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை. நடையைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை கூடுதல். சராசரியாக நான்கு வயது வாக்கில் நடக்கிறார்கள், சிலர் இரண்டிலேயே, சிலர் ஏழு எட்டில், சிலர் நடப்பதில்லை. உங்கள் மகன் எந்தப் பக்கம் போவான் என்று துண்டின் அளவை வைத்துச் சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவர்கள் ஊகிக்கிறார்கள்.

கவனமாக இருக்க வேண்டியது இரண்டு. ஒன்று வலிப்பு. ஐந்தில் நான்கு பேருக்கு எப்போதாவது வருகிறது, இரண்டாவது வயதை ஒட்டித் தொடங்குவது அதிகம். கைகால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு இல்லை, சில நொடி அசையாமல் வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள், தூக்கத்தில் மூளை அலைப் பரிசோதனை எடுக்கச் சொல்வார். இரண்டு, குடல். ஆபரேஷன் முடிந்துவிட்டதால் எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சலோடு வயிறு திடீரென்று உப்பி, நாற்றமடிக்கும் தண்ணீராக மலம் போனால் அது சாதாரண வயிற்றுப்போக்காக இல்லாமல் குடல் அழற்சியாக இருக்கலாம், அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அங்கே முதல் வாக்கியமாக "ஹிர்ஷ்ஸ்ப்ரங்குக்கு ஆபரேஷன் செய்த பிள்ளை" என்று சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் வலியை அவ்வளவாகக் காட்டுவதில்லை, அழவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையிலும் மரபியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். உங்கள் குழந்தை டாக்டரிடமே கடிதம் கேட்கலாம், காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். சமூக நல இலாகாவில் ஓகேயூ கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதிந்துவிடுங்கள். கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தள்ளிப்போட்ட பெற்றோர்களை எனக்குத் தெரியும், இரண்டு மூன்று வருடச் சலுகையையும் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையத்தில் கிடைத்திருக்கக்கூடிய பயிற்சியையும் இழந்தார்கள்.

நான்காவது கேள்வி. எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறானே, அந்தச் சிரிப்பும் நோயின் அறிகுறி என்று ரிப்போர்ட்டோடு வந்த தாளில் போட்டிருக்கிறதே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், இந்தப் பிள்ளைகள் எளிதில் சிரிக்கிறவர்கள், எல்லா நாட்டு மருத்துவர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் யாரைப் பார்த்து, எதற்காகச் சிரிக்கிறான் என்பது எந்தத் தாளிலும் இல்லை. என் கிளினிக்குக்கு செந்தூலிலிருந்து இதே சிண்ட்ரோமோடு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான், எட்டு வயது, பேச்சு கிடையாது. எங்கள் எல்லோரையும் பார்த்து லேசாகச் சிரிப்பான். கீழே வாசலில் அவன் தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் கையிரண்டையும் தட்டி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். அங்கே பத்து வண்டிகள் வந்து போகும், அந்த ஒரு வண்டியை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.